இருநூற்றுப் பன்னிரண்டு

குறுக்குத்துறைப் படிக்கட்டில் நின்று
படம் எடுக்கையில் கை நழுவிவிட்டதாம்.
ஒரு கரண்டி தாமிரபரணியை
உள்ளே வைத்துக்கொண்டு கடைக்கு வந்தது போன்.
இரண்டு நாள் அரிசிக்குள் புதைத்திருந்திருக்கிறாள்.
எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.
சார்ஜர் செருகும் வாயில்
ஒரு குருணை சிக்கியிருந்தது.

"செட்டு போனா போகட்டும்ணே,
வாய்ஸ் மட்டும் எடுத்துத் தாங்க."
மூன்று வருடமாக வண்ணார்பேட்டையில்
பியூட்டி பார்லரில் வேலை.
தமிழ் வந்துவிட்டது, "ணே" முதற்கொண்டு.
ரசீதில் எழுதப் பேர் கேட்டேன்.
யூனிஸ் கூலார்.
என் பெரியம்மா மகளும் யூனிஸ்தான்,
நாசரேத்தில் நர்ஸ்.
நிமிர்ந்து இன்னொரு தடவை முகத்தைப் பார்த்தேன்.

ஊர் மணிப்பூரில், பர்மா எல்லை ஓரத்து மலை.
நாங்க நாகா, என்றாள்.
அப்போ நாகா பாஷையா?
அப்படி ஒன்று கிடையாதாம்,
மலைக்கு மலை வேறாம்.
தன்னுடையதன் பேரை இரண்டு தடவை சொன்னாள்.
இரண்டு தடவையும் என் வாயில்
இரண்டு பாஷையாக வந்து விழுந்தது.

எத்தனை பேர் பேசுவீங்க என்றதற்கு
ஒரு எண் சொன்னாள்.
எங்கள் கோயிலில் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு
வெளியே பந்தலில் நிற்கிறவர்கள்
அதைவிடக் கூட இருப்பார்கள்.
நம்ம ஜில்லாவில்?
"போன மாசம் வரைக்கும் ரெண்டு.
அக்கா பெங்களூருக்கு மாறிட்டா."

போர்டைக் கழற்றி ஸ்பிரிட்டில் கழுவினேன்.
பச்சையாய்ப் பூத்திருந்த இடங்களைச் சுரண்டினேன்.
மூன்று நாள்.
அதற்குள் கைமாற்றாக
ஒரு பழைய செட்டைக் கொடுத்தேன்.
திறந்ததும் அது கேட்டது:
மொழியைத் தேர்ந்தெடுக்கவும்.
நான் தள்ளிக்கொண்டே போனேன்,
ஐஸ்லாந்துக்காரனுக்கு இருந்தது,
பேரே கேட்டிராத தீவுகளுக்கெல்லாம் இருந்தது.
அவள் என் கையிலிருந்து வாங்கி
பார்க்காமலே இங்கிலீஷைத் தொட்டாள்.

இருநூற்றுப் பன்னிரண்டில்
நூற்று எழுபத்தொன்று பிழைத்தன.
ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று பார்க்க
எதையோ ஒன்றை அழுத்தினேன்.
ஒரு பொம்பளையின் இருமல்,
சேவல்,
தகரத்தில் மழை,
அப்புறம் பேச்சு. ஒரு சொல் பிடிபடவில்லை.
பின்னால் யாரோ பாடுகிறார்கள்,
அந்த ராகம் எனக்குத் தெரியும்.
ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பை வரும்போது
நாங்கள் எழுந்து நின்று பாடுவது.
என் உதடு அதுபாட்டுக்குத்
தமிழில் கூடப் போனது.
கடைப் பையன் சிரித்தான்.

அவள் வந்து கேட்டாள்.
காதோடு ஒட்டிவைத்து,
சுவர்ப் பக்கம் திரும்பி நின்று.
ஒரு இடத்தில் வெடித்துச் சிரித்தாள்.
அம்மா என்ன சொல்லுதாங்க?
"பன்னிக்குக் காய்ச்சலாம்.
சித்தப்பா கடனைத் தரலையாம்.
கரென்ட் பில்லாம்."
அப்புறம், கொஞ்சம் வெட்கத்தோடு,
"இதுல பாதி எங்க பாஷையே இல்லண்ணே,
மைத்தேயி கலந்துதான் பேசும் அம்மா.
என் தம்பிக்கு அதுவும் வராது."

போன நாற்பத்தொன்றில் என்ன இருந்ததென்று
அவளுக்கும் நினைவில்லை.
பன்றி விலையாகக்கூட இருக்கும்.
ஆயிரத்து ஐந்நூறு கேட்டேன்,
ஆயிரத்து இருநூறு தந்தாள்.
"உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிறத அழிச்சிருங்க,
அம்மா என்னை ஏசினதுதான் நெறைய."

கடை வழக்கம், ஏழு நாளில் எல்லாம் அழிப்பது.
இது ஆறாவது வாரம்.
முருகன்குறிச்சிக்காரர் வீட்டுக் கல்யாண ஆல்பத்துக்கும்
ஒரு வக்கீலின் பத்திரங்களுக்கும் இடையில்
யூனிஸ் என்று ஒரு மஞ்சள் உறை.
திறந்து கேட்கவில்லை, சத்தியமாக.
சொல்லிவிட்டுப் போனவள் சொல்லுக்கு
மரியாதை வேண்டாமா?
வலது பக்கம் அழுத்தினேன் இன்றைக்கு.

நிரந்தரமாக அழிக்கவா?
தமிழில் கேட்கிறது,
சுத்தமான எழுத்தில், பிழையில்லாமல்.
ஆம். இல்லை.
அம்புக்குறி நடுவில் நிற்கிறது.

டைப் சி கேபிள் இருக்கா என்று
ஒருத்தர் வந்துவிட்டார்.